சுருதி சேராத சொல்

அறிவுக்குக் கொஞ்சமும் ஒட்டாத பேச்சை ஆங்கிலத்தில் 'அப்சர்ட்' என்பார்கள். நாம் அபத்தம் என்கிறோம். பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், பிறந்த இடம்தான் வேறு. அபத்தம் என்றால் வடமொழியில் கட்டப்படாதது, ஒன்றோடொன்று முடிச்சு விழாத பேச்சு. அப்சர்ட், லத்தீனின் 'அப்சுர்துஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் சுருதி சேராதது. ரோமப் பேச்சாளர் சிசெரோ (கி.மு. 106–43) காதுக்கு ஒவ்வாத குரலையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார். காதை உறுத்தியதற்கு வைத்த பெயர், அறிவை உறுத்துவதற்கும் ஆகிவந்தது.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'சுர்துஸ்' என்பதற்குக் காது கேளாதது, ஓசை மங்கியது என்று பொருள். அது கணக்குப் பாடத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. பின்னமாக எழுத முடியாத அளவைக் கிரேக்கர்கள் 'அலோகோஸ்' என்றார்கள். விகிதம் இல்லாதது, பேச்சற்றது என இரண்டு பொருளும் அதற்கு உண்டு. அரபுக் கணித அறிஞர்கள் அதைச் 'செவிடு' என்ற பொருளில் 'அஸம்' என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் 'சுர்துஸ்' என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் அது 'சர்ட்' ஆனது. நம் பள்ளிகளில் அதுதான் விகிதமுறா மூலம்.

வியப்பு இனிமேல்தான். √2 ஒரு 'சர்ட்' என்று நிறுவும் புகழ்பெற்ற வழியே 'அப்சர்ட்' வழிதான். √2 ஒரு பின்னம் என்றே வைத்துக்கொள்வோம். அதை இனிச் சுருக்க முடியாதபடி a/b என எழுதுவோம். அப்படியானால் a² = 2b². எனவே a இரட்டைப்படை. அதை 2c என்று எழுதினால் b² = 2c² ஆகிவிடும். அப்போது bயும் இரட்டைப்படை. மேலும் கீழும் இரட்டைப்படை என்றால் இரண்டால் சுருக்கலாமே! சுருக்கவே முடியாது என்றல்லவா தொடங்கினோம்? முடிவு அபத்தம். ஆகவே தொடக்கம் தவறு. √2 பின்னம் இல்லை.

கச்சேரியில் ஒரு சுரம் பிசகியதைத் தம்பூராவின் நாதம்தான் காட்டிக்கொடுக்கிறது. மேலே தொடக்கத்தில் சொன்ன 'சுருக்க முடியாதபடி' என்ற வார்த்தை அந்த வேலையைத்தான் செய்தது. அதை மறந்திருந்தால் முடிவில் எந்தப் பிசகும் தெரிந்திருக்காது. ஒன்றை அபத்தம் என்று கண்டுகொள்ள, முதலில் சொன்னது கடைசிவரை காதில் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.