ஊரும் உடம்பும் – 9: நாப்கின் வந்தது, பதில் வரவில்லை

போன வாரம் ரத்தசோகையைப் பற்றியும், பள்ளிகளில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் பார்த்தோம். மாத்திரை கொடுப்பது சுலபம். அதே பிள்ளைகள் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்விக்குப் பதில் கொடுப்பதுதான் நமக்கு வராத காரியம்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் பெண் பூப்படைந்தால் ஊருக்கே தெரியும். முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம், சீர்வரிசைத் தட்டு தூக்குகிறோம், பந்தல் போட்டுச் சாப்பாடு போடுகிறோம். அத்தனை பேர் வந்து போகும் அந்த வீட்டில், உன் உடம்பில் நடப்பது இதுதான் என்று அந்தப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்பவர் யார்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. ‘ஆம்பளப் பசங்களோட பேசாதே’ என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. ஆனால், அதை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் வகுப்பறைகள் நிறைய. ஆசிரியரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. அதைக் கூச்சமில்லாமல் பேச அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டத்தைத் தமிழ்நாடு 2011-ல் அறிவித்தது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுத் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 98 பேர் மாதவிடாயின்போது சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பெருமைப்பட வேண்டிய கணக்கு இது. அதே கணக்கெடுப்பில்தான் இன்னொன்றும் இருக்கிறது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. நாப்கின் எட்டிய எல்லா வீட்டுக்கும் மற்றவை எட்டவில்லை.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யாராவது கேட்டார்களா? கேட்டார்கள். 2006-07-ல் மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் 50,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சந்தித்தன. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. கேள்வி கேட்ட விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆண்களிடம் ஆண்களும் பெண்களிடம் பெண்களும்தான் பேசினார்கள். பேட்டி முடியும்போது, கல்யாணத்துக்கு முன் உறவு இருந்ததா என்ற கேள்விக்கு மட்டும் ஒரு அட்டையில் குறியிட்டு, தானே உறையில் போட்டு ஒட்டித் தரலாம். வந்திருப்பவருக்குக்கூடப் பதில் தெரியாது. முகத்துக்கு நேரே கேட்டால் நம் ஊரில் யார் உண்மை சொல்வார்கள்? இந்த மரியாதையோடுதான் இளைஞர்களிடம் பேசினார்கள். பள்ளியிலோ வேறு எங்கோ பாலியல் கல்வி கிடைத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம் பேர். அது வேண்டும் என்றவர்கள் ஆண்களில் 83, பெண்களில் 78 சதவீதம் பேர்.

பிள்ளைகள் வேண்டும் என்கிறார்கள், பெரியவர்கள்தான் பயப்படுகிறோம். 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பதுதான் வாதம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ, 2009-லும் 2018-லும் அதை மறுத்தது. பாலியல் கல்வி பெற்றவர்கள் அதனால் சீக்கிரமே உறவில் இறங்குவதில்லை. ஆனால் பாடம் நடத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. டான்சானியாவின் முவான்சா பகுதியில் 1998-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில் பிள்ளைகளின் அறிவு நன்றாகவே கூடியது, எச்.ஐ.வி. தொற்று குறையவில்லை. சுற்றியிருக்கும் ஊர் மாறாமல் பிள்ளை மட்டும் மாற முடியாது.

ஊரையும் சேர்த்துப் பேச முடியுமா? உத்திரமேரூருக்குக் கிழக்கே, 2019 வரை இதே காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த திருக்கழுக்குன்றம் பக்கத்தில், அதைச் செய்து காட்டினார்கள். 1981-ல் டி.கே.சுந்தரி ரவீந்திரனும் உள்ளூர் தலித் பெண்கள் 12 பேரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு ‘ரூவ்செக்’. படிப்பு சொல்லிக்கொடுக்கப் போன பெண்கள், பிரசவம், வெள்ளைப்படுதல், புருஷன் அடிப்பது என்று உடம்பைப் பற்றியே பேச வேண்டியதாயிற்று. பிறகு வளரிளம் பெண்களோடு பேசினார்கள், பையன்களையும் விட்டுவிடவில்லை. பையன்களோடு ஏன் பேச வேண்டும் என்பதற்கு அவர்கள் ஆய்வே பதில். சுந்தரி ரவீந்திரனும் பி.பாலசுப்பிரமணியனும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையில், கருக்கலைப்புக்குப் போன கிராமத்து மனைவிகள் பலர், கணவனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாததால்தான் அந்த நிலைக்கு வந்திருந்தார்கள். அந்தக் கணவன்மார் எல்லோரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பையன்கள்தான். அடுத்தவர் சம்மதம் என்றால் என்ன என்று அவர்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பெண் பிள்ளைக்காவது நாப்கினோடு ஒரு நர்சம்மா வருகிறார். பையனுக்கு பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ். இப்போது கூடவே ஆண்ட்ராய்டு போன். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்ற ஒரு வரி தெரியாமல், உடம்பு உருகிப்போகிறது என்று பயந்து காசை இழந்தவர்கள் எத்தனை பேர்! டாக்டர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிரிக்கச் சிரிக்கப் பேசியதற்கு அவ்வளவு வரவேற்பு இருந்தது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற இந்தப் பசியால்தான்.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2012 போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவரின் பாலியல் உறவு தெரியவந்தால் மருத்துவரும் செவிலியரும் தகவல் தர வேண்டும். பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம் அது, தேவையான சட்டம். ஆனால் போலீஸ் வரும் என்ற பயத்தில் கர்ப்பமான 17 வயதுப் பெண் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போனால் உயிருக்கே ஆபத்து. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை போனால், எட்டாம் வகுப்பின் அந்தப் பாடத்தை நடத்தினார்களா, பையன்களும் இருக்கும்போது நடத்தினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், கிராம சுகாதார செவிலியரை ஒருநாள் வகுப்புக்கு அழைக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து என்றால் 1098. பள்ளி தொடர்பான புகார் என்றால் 14417. இரண்டு எண்களையும் பிள்ளைகளுக்கே சொல்லி வையுங்கள்.