வீட்டுக் கராஜில் ஒரு தச்சுப் பட்டறை

வீட்டோடு ஒரு சிறுதொழில் தொடங்க நினைக்கும் எமது சகோதரர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "மெஷின் என்ன விலை?" என்பதைத்தான். அக்குறணையில் மலைச்சரிவொன்றில் இருக்கும் எமது வீட்டின் கீழ்த்தட்டுக் கராஜில் 2021ஆம் ஆண்டு தச்சுப் பட்டறை ஒன்றை ஆரம்பித்தவன் என்ற வகையில் எனது கணக்கைச் சொல்கிறேன். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மெஷின் அல்லாத விடயங்களுக்கே போனது. மின்சாரம், மரத்தின் ஈரம், சத்தம், தூசு ஆகிய இந்த நான்கையும் எந்தக் கடைக்காரரும் விலைப்பட்டியலில் எழுதித் தருவதில்லை.

முதலில் மின்சாரம். எமது கராஜில் இருந்தது ஒரு பல்பும் ஒரு 5 அம்பியர் பிளக்கும் மட்டுமே. வாள் மெஷினைக் கொண்டுவந்த கடைப் பையன், மேல்மாடிக் குசினியிலிருந்து 30 மீற்றர் வயரை இழுத்து அதை இயக்கிக் காட்ட முயன்றான். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் வீடே இருண்டது. காரணம் எளியது. 1.5 கிலோவாட் மோட்டார் ஓடும்போது 8 அம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஐந்தாறு மடங்கு கேட்கும். 1.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில், அந்த நீளத்தில், 30 வோல்ட் வரை வழியிலேயே தொலைந்துவிடுகிறது. பிறகு எலக்ட்ரீசியனைப் பிடித்து, பிரதான போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைனும் தனி பிரேக்கரும் போட்டோம். எர்த்தையும் புதிதாக அடித்தோம். அதன் பிறகு முதல் தடவையிலேயே மோட்டார் கிளம்பியது.

சவூதியிலிருந்து வந்த மச்சான் அன்பளிப்பாகக் கொண்டுவந்த ட்ரில் மெஷினின் கதை வேறு. அங்கே நீண்டகாலமாக வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம் பாவனையில் இருந்தது. 230 வோல்ட்டுக்கு மாறும் தீர்மானம் 2010இல்தான் எடுக்கப்பட்டது. மச்சானுடையது பழைய ரகம். எமது 230 வோல்ட்டில் அதை அவரே சந்தோஷமாகக் குத்தினார். அரை நிமிடத்தில் புகை. மின்னழுத்தம் இரு மடங்கை நெருங்கும்போது கம்பிச்சுருளில் சூடு மூன்று மடங்குக்கும் மேலே போகிறது. வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவரச் சொல்பவர்கள் அதன் அடியிலுள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 110 அல்லது 127 என்றிருந்தால் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

பணத்தை உண்மையில் தின்றது ஈரம். கொழும்பிலுள்ள ஏசி அலுவலகம் ஒன்றுக்குத் தேக்கு மேசை கேட்டிருந்தார்கள். மரக்காலையில் "நல்லாக் காய்ந்தது" என்று சத்தியம் செய்து தந்த பலகை அது. மூன்று மாதத்தில் மேற்பலகை நடுவே பிளந்தது. திருப்பி எடுத்து வேறு செய்து கொடுத்ததில், முதல் ஆறு ஓடர்களின் இலாபம் போய்விட்டது.

கண்டிப் பக்கத்துக் காற்றில் ஈரப்பதன் அதிகம். எத்தனை காலம் அடுக்கி வைத்தாலும் பலகை 15 சதவீத ஈரத்துக்குக் கீழே இலேசில் இறங்காது. ஏசி அறையில் அதே பலகை 9, 10 வரை காய்கிறது. அப்போது 600 மில்லிமீற்றர் அகலமான தேக்குப் பலகை 5 முதல் 7 மில்லிமீற்றர் வரை சுருங்கலாம். அதைத் திருகாணியால் சட்டத்தோடு இறுக்கி வைத்திருந்தால் பிளப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. மழைக்காலத்தில் லாச்சி இறுகித் திறக்க மாட்டாமல் போவதும் இதே கதையின் மறுபக்கம்தான்.

இப்போது எந்தப் பலகை வந்தாலும் நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு துண்டை வெட்டுகிறேன். நுனி சீக்கிரம் காய்வதால் அது பொய் சொல்லும். சமையல் தராசில் நிறுத்து, அவனில் 103 பாகை அளவில் வைத்து, நிறை இனிக் குறையாது என்னும் வரை காய விடுவேன். 250 கிராம் துண்டு 200 கிராமில் நின்றால், இழந்த 50ஐ 200ஆல் வகுக்க வேண்டும்: ஈரம் 25 சதவீதம். அந்தப் பலகை அலுமாரிக்கு ஆகாது. கேக் வேகும் அவனில் இதென்ன வேலை என்று மனைவி கேட்டார். மேசையின் நட்டக் கணக்கைக் காட்டியதும் அவரே நேரம் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்!

மற்ற மருந்தைச் சொல்லித் தந்தவர் பிலிமத்தலாவைப் பக்கத்து வயதான பாஸ் ஒருவர். "இறுக்கினா உடையும், இடம் விடுங்கோ முதலாளி" என்று, திருகாணித் துளையை நீளவாட்டில் வெட்டிக் காட்டினார். பலகை அசைய அசைய ஆணியும் அதற்குள் நகரும். எம்பெக்கேயைப் போய்ப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். கம்பளை இராசதானிக் காலத்து, 14ஆம் நூற்றாண்டு மரவேலை. அங்கே கூரையின் 26 கைமரங்களை ஒரே மரமுளை பிடித்து நிற்பதைத் தச்சுத்தொழிலில் இறங்கும் எவரும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, அவர் பழக்கிய சீவுளியும் கைவாளும்தான் எங்களைக் காப்பாற்றின. கட்டில், அலுமாரி ஓடர்களை நிறுத்திவிட்டு றெஹால்களும் சிறு பெட்டிகளும் செய்தோம். அந்த மாதங்களில் பட்டறை ஒருநாளும் மூடப்படவில்லை.

சத்தத்துக்குச் சட்டம் உண்டு. 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர சபைப் பகுதியில் 63, 50. இங்கே இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. வாள் மெஷினோ பக்கத்தில் நிற்பவரின் காதில் 100 டெசிபல் வரை தரும். அயல் வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தது. எனவே அறுக்கும் வேலையைக் காலை 9 முதல் நண்பகல் வரை என்று ஒதுக்கினோம். ஜன்னலை உட்புறம் இரட்டைப் பலகையால் மூடினோம். அந்த வீட்டு ராத்தாவே பிறகு புத்தக அலுமாரி ஒன்று செய்து வாங்கினார்.

தூசை இலேசாக எடுக்க வேண்டாம். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. வெளியே இழுக்கும் விசிறியும் நல்ல முகக்கவசமும் வாங்கிய பிறகுதான் பிள்ளைகளைக் கீழே வரவிட்டேன்.

கடைசியாகக் காகித வேலை. தச்சுப் பட்டறைக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களப் பதிவு வேண்டும். சில வகை மெஷின் பாவித்தால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும். மெஷினுக்கு முற்பணம் கொடுக்குமுன் பிரதேச சபையில் விசாரியுங்கள். சொந்தத் தோட்டத்துப் பலாவானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. மரக்காலைப் பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக ஒரு கோப்பில் போட்டுப் பட்டறையிலேயே வைத்திருக்கிறேன். பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.