போர் தண்ணீர் சுண்ணாம்பு முதல் யுரேனியம் வரை: கரைந்த உலோகத்தை பிடிக்கும் ‘ரவை’ மணிகள்

திருவண்ணாமலை:

கிரிவலத்துக்கு வந்து லாட்ஜில் தங்குபவர்கள், "சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது" என்று புலம்புவது வழக்கம். போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான் காரணம். இரண்டுமே உலோகங்கள்தான்.

இதற்காக பெரிய லாட்ஜ், ஓட்டல்களில் சாப்ட்னர் டேங்க் வைக்கிறார்கள். உள்ளே ரவை சைசில் பிளாஸ்டிக் மணிகள் இருக்கும். இதன் பெயர் ரெசின். மணிகளில் சோடியம் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஓடும்போது கால்சியம் ஏறிக்கொள்ளும், சோடியம் இறங்கிவிடும். பஸ்சில் ஒருவர் இறங்கினால் இன்னொருவருக்கு சீட் கிடைப்பது மாதிரி. சீட் நிரம்பியதும் உப்புத் தண்ணீர் விட்டு அலசினால் மணிகள் மறுபடி தயார். லாட்ஜுக்கு மூட்டை மூட்டையாக உப்பு வந்து இறங்குவது சமையலுக்கு அல்ல!

இங்கே பிடிபடும் கால்சியத்துக்கு விலை இல்லை, சாக்கடைக்குப் போகிறது. காசு பெறும் உலோகம் என்றால் கதையே வேறு. ஜார்க்கண்ட் மாநிலம் ஜாதுகுடாவில் ஒரு டன் பாறையில் ஒரு கிலோ யுரேனியம் கூட தேறாது. பாறையைப் பொடியாக்கி கந்தக அமிலத்தில் கரைத்து, கரைசலை ரெசின் வழியே விட்டுத்தான் யுரேனியத்தைப் பிரித்தெடுத்தார்கள். முலாம் பூசும் பட்டறைகளில் பொருளைக் கழுவிய தண்ணீரில் போகும் நிக்கல், குரோமியத்தையும் இப்படி மீட்கலாம்.

குரோமியத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்திலேயே சாட்சி உண்டு. திருவண்ணாமலை போலவே பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுச்சென்றது. மழையில் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. 2006ல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

அந்த மஞ்சள் குரோமியத்தையும் ரெசின் பிடிக்கும். காஸ்டிக் சோடா கரைசலால் அலசினால் கெட்டியாக வெளியே வரும். ஆனால் கழிவு மலையையே ரெசினால் கரைத்துவிட முடியாது, கசியும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்யலாம். தோல் ஷாப்பு கழிவில் இருப்பது வேறு வகை குரோமியம். அளவும் அதிகம் என்பதால், அங்கே மெக்னீசியம் ஆக்சைடு போட்டு அடியில் படியவைத்து எடுப்பதே லாபம்.

ரெசின் நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. லாட்ஜில் சோப்பு நுரைக்காவிட்டால் உப்பு போடும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். குடிநீரில் குரோமியத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். அந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, லேப் டெஸ்டில்தான் தெரியும்.