தோட்டத்து அம்மனுக்கு ஒரு நிலம்

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங், குரூண் நோக்கிச் செல்லும் வட்டாரங்களில் திருவிழாக் காலத்தில் பயணம் செய்வோர், செம்பனை மரங்களுக்கு நடுவே மாவிலைத் தோரணமும் ஒலிபெருக்கியுமாக ஒரு கோயில் விழாக்கோலம் பூண்டு நிற்பதைக் காணக்கூடும். சுற்றிலும் வீடுகள் இரா. லயங்கள் இருந்த இடத்தைத் தென்னை ஒன்றும் கிணற்றுச் சுவர் ஒன்றும் மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஆனால், கோயில் வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும். பினாங்கிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் பிள்ளைகுட்டிகளுடன் வந்திறங்கியவர்கள் பால்குடத்திற்குக் காத்திருப்பர். ஊரே இல்லாத இடத்தில் ஊர்த்திருவிழா நடைபெறுகிறது. இவ்விந்தையின் காரணத்தை அறிய, நம் முன்னோர் இம்மண்ணில் காலூன்றிய கதையைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

கெடா என்றதும் நம் மேடைகளில் முதலில் முழங்கும் சொல் கடாரம். இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டில் கடாரத்தைத் தாக்கியதும், மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இன்றும் நிலைத்திருப்பதும் பெருமைக்குரியனவே. ஆயினும், அப்பெருமையை அப்படியே தூக்கி வந்து ரப்பர்த் தோட்டத்தின் வாசலில் நிறுத்துவது இக்கட்டுரையாளருக்கு உடன்பாடன்று. படை கொண்டு வந்தவரும், முன்பணக் கடனுக்காகக் கப்பலேறியவரும் ஒருவரல்லர். மெர்போக்கிற்கு அணித்தாகவே காட்டை அழித்துப் பால்மரம் நட்ட நம் பாட்டன்மார், பக்கத்து மண்ணுக்குள் ஒரு பழங்கோயில் புதையுண்டு கிடந்ததை அறிந்திருக்க வழியில்லை. அவர்கள் தங்கள் கோயிலை முதலிலிருந்தே தொடங்கினர்.

1909இல் கெடா ஆங்கிலேயரின் மேலாண்மைக்குள் வந்த பின்னர் இங்கு ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பரவின. ஆள் திரட்டும் பொறுப்பு கங்காணிகளுடையது. கங்காணி தன் சொந்த ஊருக்கும் உறவினர் ஊர்களுக்கும் சென்று ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்குவதற்கு முன் ஜெரெஜாக் தீவில் தடுத்துவைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே கரை சேர்ந்தனர். பிறைத் துறையிலிருந்து தோட்டங்களுக்குச் செல்லும் பயணம் தனி. 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் முதியோர் வாயில் உறவினர் பெயரைப் போலவே வந்து விழுகிறது.

ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் சேர்ந்ததால், அவர்களோடு ஊர்த் தெய்வமும் வந்தது. சொந்த ஊர்க் கோயிலின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்து எடுத்துவந்து மரத்தடியில் வைத்து வணங்கியதாகக் கூறும் தோட்டங்கள் பல. முதலில் ஒரு கல், பிறகு அத்தாப்புக் கூரை, பிறகு தகரக் கொட்டகை என்று கோயில் வளர்ந்தது. தோட்டத்து எல்லையில் முனீஸ்வரருக்கு ஒரு சூலம் நின்றது. மலைக்காய்ச்சலும் பாம்பும் நிறைந்த காட்டில், இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குள் நுழைபவருக்குக் காவல் வேண்டாமா?

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தஞ்சையிலும் திருச்சியிலும் மாரியம்மனை மக்கள் வேண்டியது மழைக்காக. மாரி என்னும் பெயரே மழையைக் குறிப்பதுதானே! இங்கோ, விடியலில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஊரில் மழை கேட்ட அதே கைகள், தோட்டத்தில் ‘காலை மட்டும் மழை வேண்டாம், தாயே’ என்று கூப்பின. புதிய நாட்டில் வாழ்வது என்பது வேண்டுதலையே மாற்றிக்கொள்வதாகவும் இருந்தது. தெய்வம் மட்டும் மாறவில்லை.

கோயிலுக்கு நிலம் கொடுத்தது யார்? தோட்ட நிர்வாகம். திருவிழாவுக்கு விடுமுறையும் நன்கொடையும் வழங்கிப் பெரிய துரை மாலை வாங்கிக்கொண்டதும் உண்டு. கள்ளுக்கடையை நடத்த இடம் கொடுத்ததும் அதே நிர்வாகந்தான். ஒன்று தொழிலாளியை ஊருக்கு ஓடிப்போகாமல் நிறுத்தியது. மற்றொன்று சம்பளத்தைக் கையில் தங்கவிடாமல் செய்தது. இதை உரக்கச் சொன்னவர்கள் கெடாவின் தொண்டர் படையினர். போருக்குப் பின் இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாட்டைக் கண்டு வளர்ந்த இளைஞர்கள், ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் கள்ளுக்கடைகளை எதிர்த்து அணிவகுத்தனர். 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாருடன் ஏற்பட்ட மோதல்களில் தொழிலாளர் உயிரிழந்தனர். நம் திருவிழா மலர்களில் இவர்கள் அரிதாகவே நினைக்கப்படுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

அதற்கு முன் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆட்களைப் பறிகொடுத்த லயங்களைப் பற்றித் தனியே ஒரு மலர் எழுத வேண்டும்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால், எல்லாரும் குடியுரிமை பெறவில்லை. பத்திரம் இல்லாதோர், விண்ணப்பிக்க வேண்டும் என்றே அறியாதோர், ‘ஊருக்குத்தானே போகப்போகிறோம்’ என்று காலம் கடத்தியோர் எனப் பலர் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றனர். 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். இங்கேயே பிறந்து, ஊர் என்றால் தோட்டமே என்று வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். மரத்தடியில் வைத்த பிடிமண்ணை யாரும் திரும்ப எடுத்துச் செல்லவில்லை.

தோட்டத்து மனிதனுக்கும் அம்மனுக்கும் ஒரே குறை இருந்தது. இருவர் பெயரிலும் நிலம் இல்லை. ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது இக்குறை வெட்டவெளிச்சமாயிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளரை வேண்டினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே. கூலிக்கு மரம் சீவியவன் தோட்டத்தின் பங்குதாரனானான்.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை தொழிற்பேட்டையும் வீடமைப்புத் தாமானுமாயிற்று. கூலிம் வட்டாரத்தில் 1996இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ் பகுதிகளின் மலிவு விலை வீடுகளில் குடியேறின. என் கணிப்பில், கடல் கடந்த பயணத்தைவிட இந்தச் சில கல் தொலைவுப் பயணமே கடினமானது. கப்பலில் வந்தபோது ஊரோடு வந்தனர். தாமானுக்குச் சென்றபோது தனித்தனியே சென்றனர்.

கோயில் எங்கே செல்லும்? நிலப்பட்டா கம்பெனியின் பெயரில். கம்பெனி விற்றால் வாங்கியவர் பெயரில். நூறாண்டு விளக்கேற்றியதற்குச் சாட்சி உண்டு, பத்திரம் இல்லை. சில இடங்களில் பேச்சுவார்த்தையால் மாற்று நிலம் கிடைத்தது. சில இடங்களில் அம்மனை நகரத்துக் கோயில் ஒன்றின் ஓரச் சந்நிதியில் குடிவைக்க நேர்ந்தது. ஆலய நிர்வாகத்தினர் திருப்பணிக்கு இரசீதுப் புத்தகம் அச்சிடுமுன், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மாநில நில அலுவலகத்தில் தேடிப் பார்த்துக்கொள்வது நலம். கோபுரத்தின் உயரத்தைப் பிறகு முடிவு செய்யலாம்.

நிலைத்து நிற்கும் கோயில்களில், திருவிழாவன்று மாலை உபயக்காரர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பர். ‘மேல் லயத்தார் உபயம்’, ‘கீழ் லயத்தார் உபயம்’ என்றே இன்னும் வாசிக்கப்படுவதைக் கேட்கலாம். லயங்கள் இடிக்கப்பட்டு ஆண்டுகள் பலவாயின. பெயர் வந்ததும், தாமானில் பிறந்த பேரன் பிரசாதத் தட்டை வாங்க முன்னே செல்கிறான்.