வீட்டுப் பெண்கள், வெளியூர் நாட்கள் – 9
அடுப்பு வராத குற்றாலம்

ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் இறங்கியதும் எங்கள் பக்கத்து வீடுகளில் குற்றாலத்துக்கு வேன் பேசிவிடுவார்கள். வேனில் முதலில் ஏறுவது ஸ்டவ். அப்புறம் அரிசி, புளிக்காய்ச்சல், தேங்காய் துருவி. கடைசியாகப் பெண்கள். ஆண்கள் எண்ணெய் தேய்த்து அருவிக்கும் அறைக்குமாக அலைவார்கள். பெண்கள் வாடகை அறையில் சோறு வடிப்பார்கள். குடும்பச் சுற்றுலா என்று நாம் சொல்வதில் பாதிப் பேருக்கு அது இடம் மாறிய சமையலறைதான்.

இந்தச் சாரலுக்கு எங்கள் வீட்டில் பெண்கள் மட்டும் போனோம். 84 வயது ஆச்சி, அவள் மகள்களான என் அம்மாவும் சித்தியும், சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்த மதினி, நான், என் மகள், மதினியின் 9 வயது மகள். அடுப்பு வரக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதற்குச் சம்மதிக்க அம்மாவுக்குத்தான் நேரம் பிடித்தது.

தென்காசியிலிருந்து டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கொடுத்த சீட்டுகளை ஆச்சி வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டுமே என்று வீட்டோடு இருந்துவிட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசட்டும்.

பேரருவியின் தண்ணீர் உச்சியிலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குடைவில் விழுந்து, நிறைந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. வேகம் அங்கே அடங்குவதால்தான் நாம் அதன் அடியில் நிற்க முடிகிறது. பெண்கள் பகுதியில் அம்மாவும் சித்தியும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஆச்சி கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் சித்தி, “போதும்மா, வா” என்றாள்.

“பேசாம இருங்கட்டி. முன்னெல்லாம் தல நனைஞ்சதுமே ஒல வைக்கணும்னு ஓடியாந்துருவேன். இன்னைக்குப் போதும்னு நானே சொல்லுதேன்.”

மாலையில் சித்திர சபைக்குப் போனோம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று; இங்கே ஆடுகிறவர் சுவரோவியமாக இருக்கிறார். எத்தனையோ சாரல் பார்த்த ஆச்சி இதற்குள் வந்ததில்லை. ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே உட்கார்ந்தபோது, தமிழாசிரியையாக இருந்த அம்மா பிள்ளைகளுக்குத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைக் கதையாகச் சொன்னாள். குறத்தி சிங்கி ஊர் ஊராகப் போகிறாள், வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசாக நகை பெறுகிறாள், அவளைத் தேடிக்கொண்டு சிங்கன் பின்னால் வருகிறான்.

“அவ தனியாவா போனா?” என்றாள் மதினியின் மகள்.

அம்மா பதில் சொல்லுமுன் ஆச்சி பேசினாள். அவளுடைய அக்காவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். அத்தான் காகித ஆலையில் வேலை. செங்கோட்டையில் ரயிலேறினால் மலையைத் தாண்டிப் புனலூர், 50 கிலோமீட்டர்கூட இராது. “வாட்டி, பாலத்து மேல ரயில் வளைஞ்சு போறதப் பாக்கலாம்” என்று அக்கா ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டிருக்கிறாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நடவு, பிரசவம், மாடு ஈனும் நேரம் என்று ஆச்சியின் பயணம் தள்ளிக்கொண்டே போனது. அக்கா செத்த தகவல் தந்தியில் வந்தபோதும் ஆச்சியின் கணவர் மட்டும் போய்வந்தார். இப்படி ஒரு பெரியம்மா இருந்தது அம்மாவுக்குத் தெரியும். அவள் வாசலை ஆச்சி மிதித்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே வாழ்ந்த மகளுக்கே இவ்வளவு காலம் எட்டாத சேதி, சமைக்க வேண்டியிராத ஒரு சாயங்காலத்தில் வெளியே வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவித் திட்டத்தைக் கைவிட்டோம். செங்கோட்டையில் கொல்லம் போகும் ரயிலில் ஏறினோம். 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்த மலைப்பாதை இது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடி, 2018-இல் திறந்தார்கள். குகைகள் வந்தபோதெல்லாம் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் வந்ததும் ஆச்சி ஜன்னலோரம் நகர்ந்து அதன் வளைவுகளை விரல்விட்டு எண்ணினாள். புனலூரில் அக்கா வீடு இருந்த தெரு அவளுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வயதானவர்களுக்குப் பேரருவியே வசதி, பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. குளிக்கத் தடை விதித்திருந்தால் மீறாதீர்கள்; 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. எந்த ஊருக்குப் போவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டு மூத்தவளிடம், போக ஆசைப்பட்டுப் போகாமல் விட்ட ஊர் எது என்று கேளுங்கள். அவளால் நடக்க முடிகிற காலத்திலேயே கேளுங்கள்.

(தொடரும்)