ஆற்றங்கரை மேட்டில் இருவாட்டி மண்

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் பெருமையை நம்மவர் பேசாத நாளில்லை. ஆனால் ஆறு கொண்டுவந்து சேர்த்த மண்ணின் அருமையை நம்மிற் பலர் அறியார். அதற்குக் காரணமும் உண்டு. குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே. ஆனையிறவைக் கடந்து தெற்கே சென்றாலன்றி ஆற்றங்கரையையும், அதன் ஓரத்திலே சற்று உயர்ந்து கிடக்கும் மேட்டையும், அம்மேட்டில் இருளடைந்து நிற்கும் மருதமரங்களையும் காணமுடியாது. அந்த மேட்டு மண்ணைப் பற்றியே இங்கு சில கூற விரும்புகின்றோம்.

மணலும் களியும் அளவோடு கலந்த மண்ணுக்கு இருவாட்டி என்பது பழம்பெயர். சொல்லிலே இரண்டு என்னும் எண் ஒலிக்கின்றதாயினும் உண்மையிற் பொருள்கள் மூன்று. மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட மண்டி என்பதே மூன்றாவது. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் மணல் நறநறவென்னும், மண்டி மாவைப் போல வழுவழுக்கும், களி ஒட்டிக்கொள்ளும். மூன்றும் சமபங்காக இருப்பதே இருவாட்டி என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. களியின் குணம் மற்றவற்றை விரைவில் அடக்கிவிடுமாதலால், மூன்றிலொரு பங்கு களி இருந்தாலே அதைக் களிசார் இருவாட்டி என்று பிரித்துவிடுவர் மண்ணியலார். நூற்றுக்கு 7 முதல் 27 வரை களியும், 28 முதல் 50 வரை மண்டியும், 52க்கு மேற்படாத மணலும் கொண்டதே அவர்கள் வகுத்த செவ்விய இருவாட்டி.

இக்கலவை ஆற்றோரத்தில் எவ்வாறு அமைகின்றது? இதற்கு விடை வெள்ளத்தில் இருக்கின்றது. வகுப்பிலே நாம் மாணவர்க்குக் காட்டும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி மண்ணையும் நீரையும் இட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் நம் கண்முன்னே அடியிற் படிந்துவிடும். மண்டி சில நாழிகை கழித்தே படியும். களியோ மறுநாட் காலையிலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கு பருமனுள்ள துணிக்கை அசையாத நீரில் 10 சதமமீற்றர் இறங்க ஒரு நிமிடமும் வேண்டாம். ஐந்நூறிலொரு பங்கு பருமனுள்ள களித்துணிக்கைக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் செல்லும்.

போத்தலில் நிகழ்வதே ஆற்றிலும் நிகழ்கின்றது. பெருவெள்ளம் கரையை மீறியதும் நீர் அகன்று பரவுகின்றது. அதனால் வேகம் தளருகின்றது. தளர்ந்தவுடன் முதலில் விழுவது மணல். அது கரையோரத்திலேயே விழுந்து, ஆண்டுக்காண்டு உயர்ந்து, இயற்கையான அணையாகின்றது. அதற்கு அப்பால் மண்டி மிகுந்த மண் படிகின்றது. மிகத் தொலைவிலே, நீர் தேங்கி நிற்கும் பள்ளத்திற் களி படிகின்றது. மகாவலி கங்கையின் கீழ்ப்பகுதியில் இந்த ஒழுங்கைத் தெளிவாகக் காணலாம். ஆற்றையொட்டி உயர்ந்த கரை. அதன் பின்னே வில்லு எனப்படும் சதுப்பு நிலம். சில நூறு அடி நடந்தால் வாழைத்தோட்டத்திலிருந்து கோரைப்புல்லுக்கு வந்துவிடுகின்றோம். இரண்டையும் படைத்தது ஒரே வெள்ளந்தான்.

காலம் செல்லச் செல்ல ஆறு தன் படுக்கையைத் தானே அரித்துக் கீழிறங்குவதுண்டு. அப்போது பழைய வெள்ளச் சமவெளி ஒரு படிக்கட்டுப் போல மேலே நின்றுவிடுகின்றது. ஆண்டுதோறும் வந்த வெள்ளம் இப்போது எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும். 1957ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நம் நாட்டை மூழ்கடித்ததைப் போன்ற பெருவெள்ளமே இத்தகைய தாழ்ந்த படிகளை நனைக்கும். புது மண் வருவது குறைந்ததும், மண்புழுவும் வேரும் தம் வேலையைத் தொடங்குகின்றன. அடுக்கடுக்காகக் கிடந்த படிவுகள் கலங்கி ஒன்றாகி, மேலே கரும்பழுப்பான மேன்மண்ணும், கீழே சற்று வெளிறிய பழுப்புநிறக் கீழ்மண்ணும் உருவாகின்றன. ஆயினும் ஆறு தன் கையொப்பத்தை முற்றாக அழிப்பதில்லை. ஓரிடத்தில் ஆளுயரக் குழி தோண்டிப் பார்த்தால், உக்கல் ஆழத்தோடு ஒரே சீராகக் குறையாமல், மூன்றடியிலோ நான்கடியிலோ மறுபடியும் கரிய பட்டையாகத் தோன்றக்கூடும். அது ஒரு காலத்தில் மேற்பரப்பாக இருந்து, வெள்ளத்தால் மூடப்பட்ட பழைய நிலம். அதற்கும் கீழே உருண்டு வழுவழுத்த கூழாங்கற்கள் பல இடங்களிற் கிடைக்கும். மேலிருந்து இறங்கும் நீரை வாங்கி ஆற்றிடம் ஒப்படைக்கும் வடிகால் அதுவே.

நீர் நன்றாக வடியும் மண் என்பதை எவ்வாறு அறிவது? மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நிறமே சொல்லிவிடும். மண்ணிலுள்ள இரும்பு, காற்றுப் படும்போது செம்மையோ பழுப்போ மஞ்சளோ கொள்ளும். மாதக்கணக்கில் நீர் நின்று காற்று நுழையாதபோது அந்நிறம் கரைந்து, மண் சாம்பல் நிறமாகவோ நீலம் பாய்ந்ததாகவோ மாறும். இடையிடையே துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். வயலின் அடிமண்ணை வெட்டிப் பார்த்த எவரும் இதைக் கண்டிருப்பர். மூன்றடிக்கு மேல் தோண்டியும் சாம்பற் புள்ளியின்றி ஒரே பழுப்பாக இருப்பின், அந்நிலத்தில் வேர்கள் மூச்சுத்திணறாமல் வாழும் என்று துணிந்து கூறலாம். காணி வாங்கப் போகின்றவர் உறுதியைப் படிப்பதோடு ஒரு மண்வெட்டியையும் கொண்டுபோவது நன்று.

நீர் வடிகின்றதென்றால் நிலம் விரைவில் உலர்ந்துவிடுமே என்ற ஐயம் எழலாம். இருவாட்டியின் சிறப்பு இங்கேதான் இருக்கின்றது. அதன் கனவளவிற் பாதியளவு வெற்றிடமே. மழை விட்டு இரண்டு மூன்று நாளில் பெருந்துளைகளிலுள்ள நீர் இறங்கிவிட, அவற்றுள் காற்றுப் புகுகின்றது. நுண்டுளைகளிலுள்ள நீரோ பயிருக்கென்று தங்கிவிடுகின்றது. ஓரடி ஆழமான இருவாட்டி பயிருக்கு உதவும் நீராக ஏறக்குறைய 2 அங்குலத்தைத் தாங்கும். பருமணல் முக்கால் அங்குலத்தைத் தாங்கினாலே பெரிது. இரண்டடி ஆழம் வேரோடும் மிளகாய்ச் செடி, வெயில் நாளொன்றில் ஐந்திலொரு அங்குல நீரைச் செலவிடுகின்றது என்று கொள்வோம். சேமிப்பிற் பாதியைத் தொட்டதும் மறுபடி நீர் பாய்ச்சவேண்டும். அவ்வாறாயின் இருவாட்டியிற் பத்து நாளைக்கு ஒருமுறை இறைத்தாற் போதும். மணலிலே நான்காம் நாளே கிணற்றடிக்குப் போகவேண்டும். இறைப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கும் கமக்காரருக்கு இக்கணக்கை நாம் விளக்கவேண்டியதில்லை.

வாழை, மிளகாய், சோளம், நிலக்கடலை, மரக்கறி வகைகள் யாவும் இம்மண்ணை விரும்பும். நிலக்கடலையைப் பிடுங்கும்போது காய் மண்ணிலே அறுந்து தங்காமல் கொத்தாக வருவதே இதன் இளக்கத்துக்குச் சான்று. நெல் மட்டும் இங்கு பொருந்தாது. கட்டிய நீர் நில்லாது. எனவே நம் முன்னோர் களிப்பள்ளத்தை வயலாக்கி, கரைமேட்டைத் தோட்டமாக்கினர். ஈரத்தோடு உழவு இயந்திரத்தை ஓட்டினால் இம்மண்ணும் அடியில் இறுகிப் பாறைபோலாகும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும். 1961இல் மூர்மன், பானபொக்கே என்னும் அறிஞர் இருவரும் இலங்கை மண்களை வகுத்தபோது ஆற்று வண்டலைத் தனிக்கூட்டமாகவே கொண்டனர். தீவின் பரப்பில் அது சிறுபங்கே, அருமையும் அதனாலேயே.

இச்சிறு பங்குக்கும் இன்று இரண்டு திசைகளிலிருந்து கேடு வருகின்றது. முதலாவது செங்கற் சூளையும் ஓட்டுத் தொழிற்சாலையும். பயிருக்கு உகந்த மண்ணையும் களியையும் வெட்டியெடுத்தபின் எஞ்சுவது நீர் தேங்கும் குழி. அதை மீண்டும் நிரப்ப ஆற்றுக்கு நூற்றாண்டுகள் செல்லும். மலைநாட்டிலிருந்து வரும் மண்டியில் ஒரு பகுதியை இப்போது அணைகள் மறித்துக்கொள்வதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். மகாவலியில் பொல்கொல்லைத் திசைதிருப்பம் 1976இலும், விக்டோரியா அணை 1985இலும் செயற்படத் தொடங்கின. அவற்றால் நமக்கு மின்சாரமும் பாசனமும் கிடைத்தன என்பதை மறுப்பாரில்லை; ஆனால் கீழ்க்கரைக்குப் போகவேண்டிய வண்டலின் ஒரு பங்கு நீர்த்தேக்கத்தின் அடியில் உறங்குகின்றது.

இரண்டாவது கேடு மணல் அகழ்வு. இதை நாம் இன்னும் பெரிதாக எண்ணுகின்றோம். ஆற்றிலுள்ள மணலை எடுத்தால் மேட்டுத் தோட்டத்துக்கு என்ன நட்டம் என்று கேட்பவர் பலர். கொச்சிக்கடைக்கருகே கடலிற் கலக்கும் மகா ஓயா இதற்கு விடை கூறும். கட்டிடங்களுக்காகப் பல்லாண்டுகளாக அங்கு மணல் அள்ளப்பட்டதால் ஆற்றின் படுக்கை தாழ்ந்தது. படுக்கை தாழ்ந்ததும் கரையோர நிலத்தடி நீரும் அதனோடு தாழ்ந்தது, கிணறுகள் வற்றின, கடல் அண்டிய பகுதியில் உவர்நீர் ஆற்றினூடே உள்ளே ஏறியது. அளவாக நீர் வடிந்த மண், அடியிலிருந்து ஈரம் எட்டாத மண்ணாயிற்று. கரையோ செங்குத்தாகி, தென்னையோடும் வேலியோடும் சரிந்து விழலாயிற்று. சுரங்கங்கள், கனியங்கள் பற்றிய 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவிலே வரும் உழவு இயந்திரப் பெட்டிகள் அச்சட்டத்தைப் படித்தவையாகத் தோன்றவில்லை.

கரையைக் காப்பதில் அரசுக்கு முன்பே பணியேற்றது மருதமரம். சிங்களத்தில் கும்புக் எனப்படும் இம்மரம் அருவியாற்றின் இருமருங்கிலும் இன்றும் நிற்கின்றது. வெள்ளத்தில் நாட்கணக்காக நின்றாலும் அது வாடுவதில்லை. கரையை வலைபோலப் பின்னிப் பிடிக்கும் அதன் வேர்களுக்கிடையே மண்டி தங்குகின்றது. அங்கே புல் முளைக்கின்றது. மேடு தன் இடத்தில் நிற்கின்றது. தோட்டத்துக்கு நிழல் விழுகின்றதென்று கரைமரத்தைத் தறிப்பவர், அடுத்த பெருவெள்ளத்தில் நிழல் விழுந்த நிலத்தையே ஆற்றுக்குக் கொடுத்துவிடுகின்றார். தறித்த இடத்தில் மாரி தொடங்குமுன் புது மருதங்கன்றுகளை நடலாம். ஆற்றங்கரை ஈரத்தில் அவை எளிதில் வேர்கொள்ளும்.