வெளிச்சம் போதுமா? செல்போனில் அளந்து பாருங்கள்

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரே ஷெட்டுக்குள் ஒரு பக்கம் லேத், மறுபக்கம் பில் போடும் கம்ப்யூட்டர் என்று இயங்கும் சிறு பட்டறைகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே டியூப் லைட்தான். "பளிச்சென்றுதானே இருக்கிறது?" என்பார்கள். கண்ணை நம்ப வேண்டாம். உச்சி வெயிலின் ஒரு லட்சம் லக்ஸுக்கும் அறைக்குள் இருக்கும் 100 லக்ஸுக்கும் அது தன்னைப் பழக்கிக்கொண்டுவிடும்.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரைக்கு மேலே ஒளி சென்சார் இருக்கிறது. பிளே ஸ்டோரில் 'லக்ஸ் மீட்டர்' என்று தேடினால் இலவச அப்ளிகேஷன்கள் கிடைக்கும். இருட்டிய பிறகு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, போனை மேஜை மீது திரை மேலே பார்க்கும்படி வையுங்கள். உங்கள் நிழல் விழுந்தால் விழட்டும். வேலை செய்யும்போதும் அது விழத்தானே செய்கிறது! அலுவலக வேலைக்கு ஐ.எஸ். 3646 தரம் சொல்வது 300 முதல் 750 லக்ஸ். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் மாற்றத்துக்கு முன், பின் என்று ஒப்பிட அதுவே போதும்.

எண் குறைவாக வந்தால் உடனே புது விளக்கு வாங்க ஓடாதீர்கள். முதலில் டியூபையும், கூரையில் பதித்த கண்ணாடி ஷீட்டையும் துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். பிறகு விளக்கைக் கீழே இறக்கிப் பாருங்கள். சிறிய பல்பு என்றால், தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். மானிட்டரில் ஜன்னலோ டியூபோ பிரதிபலித்தால், ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேஜையைத் திருப்புங்கள்.

லக்ஸ் மீட்டர் காட்டாத ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சோக் போட்ட பழைய டியூபும், மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். அந்த வெளிச்சத்தில், நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் மூன்று தாடைச் சக் நிற்பது போலவே தெரியலாம். நின்றுவிட்டது என்று நினைத்துக் கை வைத்தால்? போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். துடிப்பு இருந்தால் தெரிந்துவிடும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி.க்கு மாறுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள பட்டறையானால், அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் கொடுக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். ஒன்று மங்கும் நேரத்தில் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.